பிக்கப்பைத் தூக்க எத்தனை டன் ஜாக்கி வேண்டும்?

சென்னையில் வீடுகளையே தூக்குகிறார்கள். புதிதாகத் தார் போடும் ஒவ்வொரு முறையும் தெரு சில அங்குலம் உயர்கிறது. ஒருநாள் அது வாசற்படியைத் தாண்டிவிடுகிறது. அடுத்த மழைக்குத் தெருத் தண்ணீர் கூடத்துக்குள் வந்து நிற்கிறது. வீட்டை இடிக்க மனம் வராதவர்கள் சுவருக்கு அடியில் வெட்டி, நூற்றுக்கணக்கான ஜாக்கிகளை வரிசையாக நிறுத்தி, எல்லாவற்றையும் ஒரே அளவில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, முழுக் கட்டடத்தையும் மூன்று நான்கு அடி உயர்த்திக்கொள்கிறார்கள். அந்த வேலையை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வரிசையாக நிற்பவை திருகு ஜாக்கிகள். கடைகளில் சிவப்பாகப் பளபளக்கும் ஹைட்ராலிக் ஜாக்கிகள் அல்ல.

காரணம் எளிது. திருகு ஜாக்கியின் மரை மிகக் குறைந்த சரிவில் வெட்டப்பட்டிருக்கும். மேலே எவ்வளவு எடை அழுத்தினாலும் மரைக்கும் மரைக்கும் இடையிலான உராய்வு அதைத் திரும்பச் சுழலவிடாது. யாராவது கையால் திருப்பினால்தான் இறங்கும். ஹைட்ராலிக் ஜாக்கி அப்படியில்லை. அதன் உள்ளே எடையைத் தாங்கி நிற்பது எண்ணெய். அந்த எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பவை ஒரு ரப்பர் சீலும் பட்டாணியைவிடச் சிறிய ஓர் எஃகுக் குண்டும். வாரக்கணக்கில் ஒரு வீட்டை அதை நம்பி விட முடியாது. வீட்டில் பிக்கப் வண்டி வைத்திருந்து, டயரை மாற்றவோ பிரேக்கைப் பார்க்கவோ ஆயில் மாற்றவோ, சக்கரங்களில் உருளும் ஹைட்ராலிக் ஜாக்கியான டிராலி ஜாக்கி ஒன்றை வாங்க நினைப்பவர் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். தூக்குவது ஒரு வேலை, தாங்குவது வேறொரு வேலை. டிராலி ஜாக்கி முதல் வேலைக்கு மட்டுமே செய்யப்பட்டது.

ஆனால் கடைக்குப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி வேறாக இருக்கிறது. “எத்தனை டன்?” என்றே எல்லோரும் கேட்கிறார்கள். கடைக்காரரும் அதற்குத்தான் பதில் சொல்கிறார். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பதும் அந்த எண்தான். காருக்கு வாங்குகிறவருக்கு அந்தக் கேள்வி பெரிய தீங்கு செய்யாது. பிக்கப்புக்கு வாங்குகிறவரை அது தவறான பொருளிடம் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டொயோட்டாவின் ஹைலக்ஸை எடுத்துக்கொள்கிறேன். 1968 முதல் உலகெங்கும் ஓடும் வண்டி, 2022இல் இந்தியாவுக்கும் வந்தது. இலங்கைத் தமிழர்கள் டபுள் கேப் என்று சொல்வதும் இந்த வகைதான். நான்கு கதவும் நான்கு சக்கர இயக்கமும் உள்ள ஹைலக்ஸ் காலியாக நிற்கும்போது இரண்டு டன்னுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். எஞ்சின் முன்னால் இருப்பதால் காலி வண்டியின் எடையில் பாதிக்கு மேல் முன்சக்கரங்களின் மேல் விழுகிறது. முன்பக்கம் மொத்தமாக 1,200 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்க ஜாக்கிக்கு வரும் சுமை ஏறக்குறைய 600 கிலோ. பின்சக்கரத்துக்கு அதைவிடக் குறைவு. முன்பக்கம் முழுவதையும் நடுவில் வைத்துத் தூக்கினாலும் 1,200 கிலோதான். அதாவது இரண்டு டன் ஜாக்கிக்குக்கூட இது பாரமே அல்ல. எடையை மட்டும் பார்த்தால் சந்தையில் கிடைக்கும் மிகச் சிறிய டிராலி ஜாக்கியே போதும்.

போதாது என்பதை நான் என் வீட்டு வாசலில்தான் கற்றேன். கையில் தூக்கிச் செல்லக்கூடிய பெட்டியில் வரும் இரண்டு டன் ஜாக்கி ஒன்று வைத்திருந்தேன். காருக்கு நன்றாக உழைத்தது. ஒரு பிக்கப்பின் அடியில் வைத்துக் கைப்பிடியை அடித்தபோது ஜாக்கியின் தூக்கும் கை முழுவதும் எழுந்து முடிந்துவிட்டது. கையின் நுனியில் உள்ள தலைப்பகுதி வண்டியின் சேஸிஸ் சட்டத்தைத் தொட்டது, சட்டம் இரண்டு விரல் உயர்ந்தது, டயர் மட்டும் தரையைவிட்டு அசையவில்லை. தலைமேல் ஒரு மரத்துண்டை வைத்து மறுபடி அடித்தேன். நார் ஓடும் திசையில் மரம் பிளந்தது. வண்டி மீண்டும் சக்கரத்தின் மேலேயே இறங்கியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சக்கரம் கழற்றப்பட்டிருந்தால் நடந்திருக்கக்கூடியதை நினைத்தால் இன்றும் உடல் சிலிர்க்கிறது.

அன்று எனக்குப் பற்றாமல் போனது உயரம். டன் அல்ல.

பிக்கப் உயரமான வண்டி என்பது எல்லோருக்கும் தெரியும். உயரம் எங்கெங்கே சாப்பிடப்படுகிறது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. சட்டத்தில் ஜாக்கியை வைத்துத் தூக்கும்போது முதலில் எழுவது சட்டம்தான், சக்கரம் அல்ல. வண்டியின் எடையில் அமுங்கியிருந்த ஸ்பிரிங், எடை குறையக் குறைய விரிகிறது. சக்கரம் தரையிலேயே நின்றபடி கீழே தொங்கிக்கொண்டு வருகிறது. கரடுமுரடான பாதையில் ஓடுவதற்காகச் செய்யப்பட்ட வண்டி என்பதால் இந்தத் தொங்கல் காரைவிடப் பிக்கப்பில் அதிகம். ஸ்பிரிங் விரிந்து முடிந்த பிறகே டயர் எழத் தொடங்கும். ஆக, ஜாக்கி எட்ட வேண்டிய உயரம் மூன்று அளவுகளின் கூட்டல். தரையிலிருந்து சட்டம் வரை உள்ள உயரம், ஸ்பிரிங் தொங்கும் அளவு, டயர் தரையைவிட்டு எழ வேண்டிய இடைவெளி. உங்கள் வண்டியில் சட்டம் 400 மில்லிமீட்டரில் இருந்து, ஸ்பிரிங் 120 தொங்கி, டயருக்கு 30 இடைவெளி வேண்டுமென்றால் ஜாக்கியின் தலை 550 மில்லிமீட்டர் வரை எழ வேண்டும். பெட்டியில் வரும் சிறிய இரண்டு டன் ஜாக்கிகள் 350ஐ எட்டுவதே அரிது. பட்டறை அளவிலான மூன்று டன் ஜாக்கிகள் பொதுவாக 500ஐ ஒட்டி நின்றுவிடும். பிக்கப்புக்கும் எஸ்யூவிக்கும் என்றே செய்யப்படும் நீளமான மூன்று டன் ஜாக்கிகள்தாம் அதற்கு மேல் போகின்றன.

இன்னும் ஒன்று. கழற்றிய டயர் காற்றில்லாதது என்றால், மாட்டப்போகும் ஸ்டெப்னி முழுக் காற்றோடு இருக்கும். கழற்றுவதற்குப் போதுமான உயரம் மாட்டுவதற்குப் போதாது. இந்த இரண்டு அங்குலத்தை மறந்துவிட்டு, ஒரு சக்கரம் கழன்ற நிலையில் நின்று தவித்தவர்கள் ஏராளம்.

பின்பக்கத்தில் கதை கொஞ்சம் மாறுகிறது. ஹைலக்ஸ் போன்ற பெரும்பாலான பிக்கப்புகளில் பின்னால் இருப்பது ஒரே உருக்குக் குழாயாக இரு சக்கரங்களையும் இணைக்கும் முழு அச்சு. அதன் மேல் பட்டை ஸ்பிரிங். ஜாக்கியை அச்சின் அடியிலேயே வைத்துவிட்டால் ஸ்பிரிங் தொங்கும் கணக்கே கிடையாது. அச்சு எழுந்தால் சக்கரமும் கூடவே எழும். இந்தியாவில் வரும் ஹைலக்ஸின் ஒரு டயர் அளவு 265/65 ஆர் 17. அந்த எண்களைப் பிரித்தால் டயரின் முழு விட்டம் 776 மில்லிமீட்டர் வருகிறது. எடையில் சற்று அமுங்குவதால் சக்கரத்தின் மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 370இல் நிற்கும், அச்சுக் குழாயின் அடிப்பகுதி 320ஐ ஒட்டி வரும். அங்கிருந்து டயரைத் தரையைவிட்டு எழுப்ப 400 எட்டினால் போதும். சட்டத்தில் வைத்தால் 550 கேட்கும் அதே வண்டி, அச்சில் வைத்தால் 400இல் திருப்தி அடைகிறது. எந்த இடத்தில் வைத்துத் தூக்குவீர்கள் என்று முடிவு செய்யாமல் ஜாக்கி வாங்கப் போவது, அளவெடுக்காமல் சட்டை தைக்கக் கொடுப்பது போன்றது.

அந்த முடிவை வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். எந்தெந்தப் புள்ளியில் ஜாக்கி வைக்கலாம் என்று அதில் படம் போட்டிருப்பார்கள். முன்பக்கம் இரண்டு சக்கரங்களும் தனித்தனியாக அசையும் அமைப்பு என்பதால் அங்கே அச்சு என்று ஒன்று கிடையாது. சட்டத்தின் குறுக்குவிட்டத்திலோ கையேடு காட்டும் வேறு இடத்திலோதான் வைக்க வேண்டும். எஞ்சின் ஆயில் தொட்டி, அதைக் காக்கும் தகடு, ஸ்டியரிங் கம்பி, பிரேக் குழாய் இவற்றின் மேல் ஒருபோதும் ஜாக்கியின் தலை படக்கூடாது. பின்னால் அச்சின் நடுவே, இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரன்ஷியல் உருண்டையின் அடியில் வைத்துத் தூக்குவது பட்டறைகளில் வழக்கம். சில வண்டிகளுக்குக் கையேடு அதை அனுமதிக்கிறது, சிலவற்றுக்கு இல்லை. உருண்டையின் மூடி மெல்லிய தகடாக இருந்தால் நசுங்கி எண்ணெய் ஒழுகத் தொடங்கும்.

உயரத்துக்கு இன்னொரு முனையும் உண்டு. ஜாக்கி முழுக்கத் தாழ்ந்திருக்கும்போது உள்ள உயரம். தாழ்வாகச் செய்யப்பட்ட ஜாக்கிகள் 80, 90 மில்லிமீட்டர் இடைவெளியிலும் நுழையும் என்று விளம்பரம் செய்கிறார்கள். தரையோடு தரையாகப் போகும் பந்தயக் கார்களுக்கு அது தேவை. பிக்கப்புக்கு அந்தத் தாழ்வுக்காகக் கொடுக்கும் காசு வீண். 140, 150 மில்லிமீட்டரில் தொடங்கும் ஜாக்கி தாராளமாக உள்ளே போகும், டயர் முழுக்கக் காற்றிறங்கிக் கிடந்தாலும் போகும். வண்டியோடு வரும், புட்டி போல நிமிர்ந்து நிற்கும் பாட்டில் ஜாக்கிக்குத்தான் அந்த நேரத்தில் சிக்கல். மேலே சொன்ன டயரின் பக்கச் சுவர் மட்டும் 172 மில்லிமீட்டர். காற்று இறங்கினால் அச்சு நூறு மில்லிமீட்டருக்கு மேல்கூடத் தாழ்ந்துவிடும். பல பாட்டில் ஜாக்கிகளின் குறைந்தபட்ச உயரமே 200ஐத் தாண்டுவதால் அவை நுழைய மறுக்கும். வீட்டில் ஒரு தாழ்வான காரும் நிற்கிறது, இரண்டுக்கும் ஒரே ஜாக்கி வேண்டும் என்பவர்கள் மட்டும் தாழ்ந்த உயரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

இப்போது டன்னுக்கு வருவோம். எடைக்கு இரண்டு டன் போதும் என்று கணக்குப் போட்ட பிறகும் நான் மூன்று டன்னைத்தான் பரிந்துரைப்பேன். இதற்குக் காரணம் உடற்கட்டு. மூன்று டன் என்று எழுதப்பட்ட ஜாக்கியின் கை நீளம், அடித்தளம் அகலம், சக்கரங்கள் பெரியவை, தலை அகலம். அந்த உயரமும் நிலையும் மூன்று டன் வகையில்தான் கிடைக்கின்றன. டன் எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்டு இங்கே வரும் ஜாக்கிகளில் டன் என்பது 2,000 பவுண்டு. கிலோவில் அது 907தான். மூன்று டன் என்று எழுதியிருந்தாலும் அதன் வலிமை 2,720 கிலோவை ஒட்டியே இருக்கும். பெட்டியில் கிலோ கணக்கும் சேர்த்து அச்சிடப்பட்டிருந்தால் அதைப் படியுங்கள்.

ஹைட்ராலிக் ஜாக்கியின் உள்ளே நடப்பது பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டில் சொன்ன விதிதான். மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும். ஜோசப் பிராமா 1795இல் இங்கிலாந்தில் ஹைட்ராலிக் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். ரிச்சர்ட் டட்ஜன் 1851இல் நியூயார்க்கில் அதைக் கையில் தூக்கிச் செல்லும் ஜாக்கியாக்கினார். இன்று நீங்கள் கைப்பிடியை அடிக்கும்போது விரல் தடிமனுள்ள ஒரு சிறிய உருளை எண்ணெயைத் தள்ளுகிறது. அது தன்னைவிடப் பல மடங்கு பரப்புள்ள பெரிய உருளையை நகர்த்துகிறது. சிறியதன் விட்டம் 12, பெரியதன் விட்டம் 36 என்றால் விசை ஒன்பது மடங்காகும். கைப்பிடியின் நீளம் அதை மேலும் பெருக்குகிறது. அதற்கு ஈடாக, சிறிய உருளை ஒன்பது மில்லிமீட்டர் நகர்ந்தால் பெரியது ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். அதனால்தான் அத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது. இரட்டைப் பம்பு உள்ள ஜாக்கிகள் சுமை இல்லாத வரை தலையை நாலைந்து முறை அடித்ததுமே மேலே கொண்டுபோய்விடும். உயரமான வண்டிக்கு இந்த வசதி உண்மையாகவே பயன்படும், கூடுதல் விலைக்குத் தகுதியானது.

டிராலி ஜாக்கியில் அந்தப் பெரிய உருளை படுத்திருக்கிறது. நேராக மேலே தள்ளாமல், ஒரு நீண்ட கையின் குட்டை முனையைத் தள்ளி, நெட்டை முனையில் உள்ள தலையை எழுப்புகிறது. ஆகவே தலை நேர்கோட்டில் எழுவதில்லை, ஒரு வில்லின் வளைவில் எழுகிறது. உயர உயர அது ஜாக்கியின் உடலை நோக்கிப் பின்வாங்குகிறது. கை நீளமான ஜாக்கியில் இந்தப் பின்வாங்கல் முழு உயரத்தில் அரை அடி வரைகூடப் போகும். வண்டி நகராது, அதன் மற்ற சக்கரங்கள் தரையைப் பிடித்திருக்கின்றன. எனவே ஜாக்கிதான் நகர வேண்டும். அதற்காகத்தான் சக்கரங்கள். இழுத்துச் செல்ல வசதியாகப் பொருத்தியவை என்று பலர் நினைக்கிறார்கள். தூக்கும்போது அவை உருள்வது அந்தக் கருவியின் இயக்கத்திலேயே ஒரு பகுதி. உருள முடியாமல் போனால் தலை சட்டத்தின் மேல் வழுக்கத் தொடங்கும். ஜாக்கி விழும் விபத்துகளின் வேர் பல நேரங்களில் இங்கே இருக்கிறது.

இதனால்தான் நான் எல்லாவற்றையும்விடத் தரையைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறேன். பட்டறையின் வழவழப்பான கான்கிரீட் நம் வீடுகளில் குறைவு. பலருடைய வண்டி மண் தரையிலோ சரளையிலோ பேவர் கற்களின் மேலோ போர்டிகோவின் ஓடு பதித்த தரையிலோ நிற்கிறது. 600 கிலோ சுமை ஜாக்கியின் நான்கு சக்கரங்களில் சமமாகப் பிரிவதில்லை. தலைக்கு அருகில் உள்ள முன் இரண்டு சக்கரங்களே பெரும்பகுதியைத் தாங்குகின்றன. ஒவ்வொன்றும் தரையைத் தொடும் இடம் ஒரு தீப்பெட்டியின் பக்கவாட்டு அளவுகூட இருக்காது. மண்ணில் அது உளியைப் போல இறங்கும். சக்கரம் புதைந்தால் உருளாது, உருளாவிட்டால் தலை வழுக்கும். ஓடு பதித்த தரையில், அடியில் சிமெண்டு முழுக்கப் பரவாமல் வெற்றிடம் விட்டிருந்தால், ஓடு உடையும். உடைந்த பள்ளத்தில் சக்கரம் மாட்டிக்கொண்டால் மண்ணில் நடந்ததே இங்கும் நடக்கும். பேவர் கல் கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள இடுக்கைச் சக்கரம் தாண்டும்போது ஒரு குலுக்கல் வரும்.

கெட்டியான தரை இல்லாதவர்கள் ஜாக்கிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைத் தரைக்குக் கொடுக்க வேண்டும். வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சிறிய கான்கிரீட் தளம் போட்டால் அது ஆண்டுக்கணக்கில் உதவும். அது முடியாவிட்டால், ஜாக்கியின் முழு நீளத்துக்கும் அது உருள வேண்டிய இடத்துக்கும் சேர்த்துக் கனமான பிளைவுட் பலகையோ தடித்த இரும்புத் தகடோ விரிக்கலாம். இறுகிய தரையில் இது நன்றாகவே வேலை செய்யும். மழை பெய்து ஊறிய மண்ணில் எந்தப் பலகையும் உதவாது. அன்று வேலையைத் தள்ளிப்போடுங்கள். சரிவான இடத்திலும் வேண்டாம்.

எஃகா அலுமினியமா என்ற கேள்வியும் கடையில் வரும். அலுமினிய ஜாக்கி இலகுவானது, அடிக்கடி வண்டியில் ஏற்றி இறக்குபவர்களுக்கு ஏற்றது. ஆனால் உயரமாகத் தூக்கும் மூன்று டன் எஃகு ஜாக்கி 35 முதல் 45 கிலோ வரை இருக்கும், வீட்டில் ஒரே மூலையில் நிற்கப்போவதால் அந்தக் கனம் பெரிய தொல்லை அல்ல. படியேற்றித் தூக்க வேண்டிய வீடு என்றால் யோசிக்கலாம். மற்றபடி எஃகுதான்.

தலைப்பகுதியைக் கையால் தொட்டுப் பாருங்கள். பல்பல்லாக வெட்டிய கிண்ணம் போல இருக்கும். பிக்கப் சட்டத்தின் தட்டையான அடிப்பாகத்துக்கு அகலமான தலை நல்லது, மேலே ரப்பர் திண்டு இருந்தால் பெயிண்ட் உரியாது. அச்சுக் குழாய் உருண்டையானது. சிறிய தட்டைத் தலை அதன் அடியில் நிற்காமல் உருளப் பார்க்கும். குழாய் உட்காரும்படி நடுவில் பள்ளமுள்ள தலை கிடைத்தால் அதை வாங்குங்கள். சில ஜாக்கிகளுக்கு உயரத்தைக் கூட்டும் இணைப்புத் துண்டு அதே நிறுவனத்திடம் கிடைக்கும், தலையைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் பொருந்தும்படி செய்யப்பட்டது. அதைப் பயன்படுத்தலாம். நாமே மரத்தையோ இரும்புக் குழாயையோ வைத்து உயரம் கூட்டக்கூடாது. என் வாசலில் பிளந்த மரத்துண்டை நான் எறியாமல் வைத்திருக்கிறேன்.

பக்கவாட்டில் ஏறுபடி பொருத்திய வண்டி என்றால் இன்னோர் அளவும் எடுங்கள். படியின் விளிம்பிலிருந்து சட்டம் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று பாருங்கள். ஜாக்கியின் உடல் குட்டையாக இருந்தால் தலை சட்டத்தை எட்டும்போது கைப்பிடி படியில் இடிக்கும், அதைப் பாதி தூரம்தான் அசைக்க முடியும். நீளமான ஜாக்கியைத் தேர்வதற்கு இது இன்னொரு காரணம்.

இதுவரை தூக்குவதைப் பற்றிப் பேசினோம். தாங்குவதற்கு ஜாக் ஸ்டாண்டு, அதாவது தூக்கிய வண்டியின் அடியில் நிறுத்தும் இரும்புத் தாங்கி. ஜாக்கி வாங்கும் அன்றே, அதே ரசீதில், ஒரு ஜோடி ஸ்டாண்டும் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பணம் போதவில்லை என்றால் ஜாக்கியையும் சேர்த்து அடுத்த மாதம் வாங்குங்கள். ஹைட்ராலிக் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைப்பவர், ஒரு தூசி போய் அடைத்தால் கசியக்கூடிய எஃகுக் குண்டின் கீழே படுத்திருக்கிறார். ஸ்டாண்டுக்குப் பதில் செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் அடுக்குவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். சுவரில் பரவலாக வரும் சுமையைத் தாங்கச் செய்த பொருள் அது. சட்டத்தின் குறுகிய விளிம்பு ஒரே கோட்டில் அழுத்தும்போது முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும். இரும்பு வளைந்து காட்டும், ஹாலோ பிளாக் காட்டாது.

ஸ்டாண்டிலும் டன் எண் ஏமாற்றும். மூன்று டன் ஸ்டாண்டுகளின் உச்ச உயரம் பொதுவாக 420 மில்லிமீட்டரை ஒட்டி நின்றுவிடும். சக்கரம் தொங்கும் நிலையில் பிக்கப்பின் சட்டத்துக்கு அது எட்டாது. ஆறு டன் ஸ்டாண்டுகள் 600 வரை போகும். இரண்டு டன் வண்டிக்கு ஆறு டன் ஸ்டாண்டு எதற்கு என்று கேட்பார்கள். உயரத்துக்காகத்தான். பின் அச்சின் அடியில் நிறுத்துவதற்கு மூன்று டன் ஸ்டாண்டு போதும். சில நிறுவனங்கள் ஒரு ஜோடிக்குச் சேர்த்து டன் எழுதுகின்றன, சில ஒவ்வொன்றுக்கும் தனியாக எழுதுகின்றன. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது என்பதை 2020ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்தது காட்டியது. ஹார்பர் ஃப்ரைட் என்ற கருவிக்கடை நிறுவனம் அந்த ஆண்டு மார்ச்சில், தான் விற்ற மூன்று டன், ஆறு டன் ஸ்டாண்டுகளில் ஏறக்குறைய 17 லட்சத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. தொழிற்சாலையின் அச்சுக்கருவிகள் தேய்ந்துபோனதால் துளை இடம் மாறி, ஸ்டாண்டின் பல்வரிசையில் கொக்கி ஆழமாக மாட்டாமல் போயிருந்தது. சுமை இருக்கும்போது வண்டியில் ஏதாவது அசைவு வந்தால் கொக்கி விடுபட்டு ஸ்டாண்டு சட்டென்று இறங்கக்கூடும். அவற்றுக்கு மாற்றாகக் கொடுத்த ஒரு வகையிலும் பற்றவைப்புக் குறை தெரிந்து, ஜூலையில் அதையும் திரும்பப் பெற்றார்கள். பல்வரிசைக்குப் பதிலாகவோ அதற்குக் கூடுதலாகவோ குறுக்கே ஒரு தடித்த ஊசி செருகும் ஸ்டாண்டை நான் விரும்புவதற்கு இதுவே காரணம். ஊசி செருகியிருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். கொக்கி எவ்வளவு ஆழம் மாட்டியிருக்கிறது என்பதைப் பார்க்க முடியாது.

முட்டுக்கட்டை என்ற சொல்லை இன்று தடை என்ற பொருளில்தான் அதிகம் பயன்படுத்துகிறோம். தேரோட்டம் பார்த்தவர்களுக்கு அதன் உண்மையான பொருள் தெரியும். அத்தனை பெரிய தேரை நிறுத்துவதும் திருப்புவதும் சக்கரத்தின் அடியில் கொடுக்கும் அந்த ஆப்பு வடிவ மரத்துண்டுதான். பிக்கப்புக்கும் அது வேண்டும், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் வேண்டும். ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும். பின்பக்கம் இரண்டையும் தூக்கிவிட்டால் தரையைத் தொட்டு நிற்கும் முன்சக்கரங்களுக்கு அந்தப் பிரேக் கிடையாது. ஆட்டோமேட்டிக் வண்டியைப் பார்க்கில் போட்டிருந்தாலும், பின்சக்கரம் ஒன்றைத் தூக்கியவுடன் டிஃபரன்ஷியல் வழியாக அது தாராளமாகச் சுழலும், பிடிப்பு போய்விடும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகே கைப்பிடியைத் தொடுங்கள். வண்டியின் தொட்டியில் சரக்கு இருந்தால் முதலில் இறக்கிவிடுங்கள். நாம் மேலே போட்ட எடைக் கணக்கெல்லாம் காலி வண்டிக்குத்தான்.

கடையில் பார்க்கவேண்டியவை சில. வால்வைத் திறக்கும் திருகு மெதுவாக, சிறிது சிறிதாகத் திறக்கிறதா, அல்லது ஒரே திருப்பில் தலை தடாலென்று விழுகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். இரண்டு டன் வண்டியை இறக்கும்போது உங்கள் கையில் இருக்கும் ஒரே கட்டுப்பாடு அதுதான். அளவுக்கு மீறிய சுமையில் தானாகவே எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள். அமெரிக்காவின் ஏ.எஸ்.எம்.இ. பேஸ், ஐரோப்பாவின் ஈ.என். 1494 போன்ற தரநிலைகளின் பெயர் தகட்டில் பொறித்திருந்தால் நல்லது. சீல் தொகுப்பு தனியாகக் கிடைக்குமா என்பது அதைவிட முக்கியம். ரப்பர் சீல் தேயும் பொருள், சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும். பெயரே தெரியாத ஜாக்கிக்குச் சீல் கிடைக்காமல் முழு இரும்பையும் எடைக்குப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் நேராக வண்டியின் அடியில் தள்ளாதீர்கள். கொண்டுவரும் வழியில் உருண்டதில் எண்ணெயில் காற்று கலந்திருக்கும். வால்வைத் திறந்துவைத்துக் கைப்பிடியைப் பத்துப் பதினைந்து முறை அடித்தால் காற்று வெளியேறும். பிறகு வால்வை மூடி, சக்கரங்கள் எல்லாம் மாட்டியிருக்கும் நிலையிலேயே வண்டியின் ஒரு மூலையைத் தூக்குங்கள். தலையின் உயரத்தை அளந்து எழுதிக்கொண்டு, கால் மணி நேரம் யாரையும் அருகில் விடாமல் அப்படியே விட்டுவிடுங்கள். திரும்ப அளக்கும்போது குறைந்திருந்தால் சீலோ வால்வோ சரியில்லை, அன்றே கடைக்குத் திருப்பிக்கொடுங்கள். எண்ணெய் குறைந்தால் ஜாக்கிக்கென்று விற்கும் ஹைட்ராலிக் எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். பிரேக் ஆயில் ஊற்றினால் அதிலுள்ள கிளைக்கால் என்ற வேதிப்பொருள் உள்ளே இருக்கும் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். பயன்படுத்தாத நாட்களில் தலையை முழுக்கத் தாழ்த்தியே வையுங்கள், உருளை எண்ணெய்க்குள் இருந்தால் துருப்பிடிக்காது.

வேலை நாளில் வரிசை இது. கட்டை கொடுத்து, வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்று தளர்த்தி, தூக்கி, ஸ்டாண்டை நிறுத்தி, வால்வை மெல்லத் திறந்து வண்டியின் எடையை ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள். இறக்கியதும் வெளியே நின்றபடி வண்டியை இரு கையாலும் பலமாகத் தள்ளிப் பாருங்கள். ஆட்டம் கண்டால் மறுபடி தூக்கி ஸ்டாண்டைச் சரிசெய்யுங்கள். அசையவில்லை என்றால் ஜாக்கியை எடுத்துவிட வேண்டாம். சட்டத்தை லேசாகத் தொட்ட நிலையில் அது அங்கேயே நிற்கட்டும். கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்துச் சட்டத்தின் அடியில் தள்ளிவிட்டு, அதன் பிறகு உள்ளே போங்கள்.